கைப்பம்பை யார் ரிப்பேர் செய்தார்கள்? ஃபெல்லோஷிப்புக்குத் தயாராகும் ஜூனியர்களுக்கு

டிகிரி முடித்த கையோடு கிராமத்தில் வேலை செய்ய ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது எஸ்.பி.ஐ. அறக்கட்டளையின் 'யூத் ஃபார் இந்தியா'. 2011-ல் தொடங்கிய ஃபெல்லோஷிப் திட்டம். 13 மாதம் ஒரு தொண்டு நிறுவனத்தோடு கிராமத்திலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை உண்டு, ஆனால் அது உங்கள் ஒருவர் செலவுக்குத்தான் காணும். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை இருந்தால் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தில் எழுதும் பதில்களுக்கு நேரம் கொடுங்கள். 'சமுதாயத்தை மாற்ற விரும்புகிறேன்' என்று நானும் ஒரு பக்கம் எழுதி, ராத்திரியோடு ராத்திரியாக அழித்தேன். அதற்குப் பதில் எங்கள் என்.எஸ்.எஸ். முகாமை எழுதினேன். ஏழு நாள் முகாமில் அந்த ஊரின் கைப்பம்புகளை எண்ணியிருந்தோம்: மொத்தம் 11, ஓடியவை 4. நேர்முகத்தில் அதையே பிடித்துக்கொண்டார்கள். "அந்த நாலு மட்டும் ஏன் ஓடுகிறது? யார் ரிப்பேர் செய்கிறார்கள்?" நான் விசாரித்திருக்கவில்லை. அப்படியே சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆனால் முகாமுக்குப் போகும்போது இந்தக் கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள்.

எனக்கு ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம், கிராம் விகாஸ் அமைப்பு. ஊரில் ஒரு வீடுகூட விடுபடாமல் எல்லோரும் சேர்ந்தால்தான் குழாய், கழிப்பறை வேலை என்பது அவர்கள் பிடித்த பிடி. அதனால் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட வராத வீட்டைத்தான் தேடிப் போக வேண்டும். முதல் இரண்டு மாதம் எந்த யோசனையும் சொல்லாதீர்கள், பாஷையைப் பிடியுங்கள். நான் ஒடியா கற்றது பெரும்பாலும் பகாளா சாப்பிட்ட திண்ணைகளில். நம் பழைய சோறுதான், உடன் சுட்ட கத்தரிக்காய்.

நீங்கள் செய்த வேலையை ஊர்க்காரர்களிடம் ஒப்படைப்பதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். குழாய்ப் பராமரிப்புக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கும் பணத்தின் கணக்கு நோட்டை ஒன்பதாம் மாதமே ஒரு நானியிடம் கொடுத்தேன் (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). முதல் வாரம் கூட்டலில் முப்பது ரூபாய் இடித்தது. பேனாவை நான் வாங்கவில்லை. அவர் விரலை மடக்கி மறுபடி எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.