ஏர்பேக் இருக்கிறதே என்று பெல்ட்டை விட்டுவிடாதீர்கள்

கார் வாங்கும்போது ஏர்பேக் எத்தனை என்று மறக்காமல் கேட்கிறோம். வண்டி கிளம்பும்போது பின்சீட்டில் யார் பெல்ட் போடவில்லை என்று கேட்கத்தான் மறந்துவிடுகிறோம்.

ஏர்பேக் பஞ்சு மெத்தை இல்லை. மோதிய கணத்தில், நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள், மணிக்கு 300 கிலோமீட்டர் வரையான வேகத்தில் வெடித்து விரியும். விரிந்த கையோடு காற்றும் இறங்கத் தொடங்கிவிடும். பெல்ட் பிடித்து வைத்திருக்கும் உடல், பை விரிந்து முடித்த பிறகு அதில் போய்ச் சாய வேண்டும் என்பதுதான் கணக்கு. பெல்ட் போடாதவரோ பிரேக் அடித்தபோதே முன்னால் சரிந்திருப்பார். பை விரியும் இடத்திலேயே முகம் இருக்கும். எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்த வெறும் கொக்கியை மட்டும் வாங்கிச் செருகி வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சில வண்டிகளில் பெல்ட் போட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பையை எப்போது விரிப்பது என்றே முடிவாகிறது.

இதே காரணத்தால் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி வேண்டும். ஸ்டீயரிங்கின் குறுக்கே கை போட்டு ஓட்டினால் அந்தக் கையே முகத்தில் வந்து அறையும். டாஷ்போர்டில் கால் நீட்டுவது இன்னும் மோசம். பை விரிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும்.

குழந்தைகள் விஷயத்தில்தான் பாசமே வினையாகிறது. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்பார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோ குழந்தை சில நூறு கிலோ பாரமாக இழுக்கும். எந்தக் கையும் தாங்காது. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டால் பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கும். பின்நோக்கிய குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் இடிக்கும். பன்னிரண்டு வயது வரை பின்சீட்டுதான் சரி. உயரம் 145 சென்டிமீட்டர் ஆகும்வரை பெல்ட் சரியாகப் படிய, பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை வேண்டும், பிள்ளை எவ்வளவு முறைத்தாலும்.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும்; கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. மேல்பட்டை தோளெலும்பின் நடுவே. கழுத்தில் உறுத்துகிறது என்று அதை அக்குளுக்கு அடியில் விடுவது விலா எலும்பை முறிக்கும் வழி. உயரத்தைச் சரிசெய்யும் பிடி பெரும்பாலும் பக்கத்துத் தூணிலேயே இருக்கும். சீட்டைச் சாய்த்துத் தூங்கினால் மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும்.

அப்புறம் சீட் கவர். பக்கவாட்டு ஏர்பேக் பல வண்டிகளில் சீட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. அதற்கு இடம் விடாமல் தைத்த கவர் பையைத் தடுத்துவிடும்.

பழைய கார் வாங்குபவர்கள் சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க யாரோ விளக்கையே துண்டித்திருக்கலாம்.