வெளிநாட்டு நிதியுதவியில் ஊர் மக்களே முடிவெடுக்கும் திட்டத்தை அமைப்பது எப்படி?

ஊர் மக்களே தங்கள் தேவையைத் தேர்ந்தெடுத்து, பணத்தைச் செலவிட்டு, கணக்கும் கேட்கும் வகையில் வெளிநாட்டு நிதியுதவித் திட்டம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், என்ன பணி செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்பாகப் பணம் எந்த வழியாகப் போய்ச்சேரும் என்பதை முடிவு செய்யுங்கள். கூட்டத்தில் கை உயர்த்துபவர்கள் ஊராராகவும், காசோலையில் கையெழுத்திடுபவர் தலைநகரத்துத் திட்ட அலுவலராகவும் இருக்கும் வரை, எத்தனை பேர் திரண்டு வந்தாலும் முடிவு அந்த அலுவலருடையதே.

அடுத்து, அந்தப் பகுதியில் சட்டப்படி இயங்கும் உள்ளாட்சி மன்றம் எது, அதற்கு என்னென்ன அதிகாரங்கள் உண்டு, அதன் வங்கிக் கணக்கை யார் இயக்குகிறார்கள் என்பதைக் கேட்டறியுங்கள். நிதி வழங்குவோருக்குத் தனிக்குழு ஒன்றை அமைத்துக்கொள்வது வசதியானது. அறிக்கைகள் உரிய நாளில் வந்துவிடும். ஆனால் நிதி நின்றதும் அந்தக் குழு கலைந்துவிடும். உடைந்த குடிநீர்க் குழாயைச் சரிசெய்யும் கடமை மட்டும் மன்றத்தின் தலையில் விழும். உதவி பெறும் நாட்டின் நிதி, கொள்முதல் நடைமுறைகளை இயன்றவரை பயன்படுத்துவதாகவும், அரசு அமைப்புகளுக்கு இணையாகத் தனியே இயங்கும் திட்ட அலகுகளைக் குறைப்பதாகவும் கொடை நாடுகள், நிதியுதவியைப் பயனுள்ளதாக்குவது குறித்த 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனத்தில் ஒப்புக்கொண்டுள்ளன. பேச்சுவார்த்தையில் இதைத் தயங்காமல் எடுத்துக்காட்டுங்கள். மன்றம் செயலிழந்து கிடக்கும் இடங்களிலும், மோதலுக்குப் பின் மக்கள் அதை நம்பாத இடங்களிலும் தனிக்குழு தவிர்க்க முடியாததாகலாம். அப்போதும் குழுவின் முடிவுகள் மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். உருவாகும் சொத்து மன்றத்தின் பெயரில் பதிவாகவேண்டும்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பே, செலவிடக்கூடிய தொகை எவ்வளவு என்பதை அறிவித்துவிடுங்கள். தொகை தெரியாத கூட்டத்தில் ஆசைகளின் பட்டியல்தான் எழும். தெரிந்த கூட்டத்தில் பாலமா, வகுப்பறையா என்ற உண்மையான விவாதம் தொடங்கும். நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள் பேச, மற்றவர்கள் தலையசைப்பது எங்கும் நடப்பதால், பெண்களுடனும் நிலமற்றோருடனும் ஊரின் கடைக்கோடியில் வசிப்போருடனும் தனித்தனியே முன்கூட்டிப் பேசி, அவர்கள் கோரிக்கைகளை எழுத்தில் பெற வேண்டும். உலக வங்கிக் கடனுதவியுடன் இந்தோனேசியாவில் 1998இல் தொடங்கிய கெச்சமத்தான் (துணை மாவட்ட) மேம்பாட்டுத் திட்டத்தில், ஒரு கிராமம் இரண்டு முன்மொழிவுகள் அனுப்பினால் அவற்றில் ஒன்று பெண்கள் குழுவிடமிருந்து வரவேண்டும் என்பது விதியாகவே இருந்தது. விதியாக எழுதப்படாத நல்லெண்ணம் முதல் நெருக்கடியிலேயே கைவிடப்படும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கணக்கு விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. மேற்சொன்ன திட்டத்தில் தொகை 40, 40, 20 விழுக்காடு என மூன்று தவணைகளாக வந்தது. முந்தைய தவணையின் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வைத்த பின்னரே அடுத்தது விடுவிக்கப்பட்டது. அங்கே 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் போடப்பட்ட சாலைகளைப் பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் ஆராய்ந்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டார். பொறியாளர்கள் முடிந்த சாலையை ஆங்காங்கே தோண்டி, உள்ளே உண்மையில் இறங்கியிருந்த கல், மணல் அளவைக் கணக்கில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட கிராமங்களில், காணாமற்போன தொகை சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. அழைப்பிதழ் கொடுத்துக் கணக்குக் கூட்டத்துக்கு ஆட்களைத் திரட்டிய கிராமங்களிலோ கூலியில் நடந்த கையாடல் குறைந்ததே தவிர, பொருள்களில் நடந்தது குறையவில்லை. தனக்கு வரவேண்டிய கூலி எவ்வளவு என்று உழைத்தவருக்குத் தெரியும். சாலைக்கடியில் எத்தனை லாரி கல் போயிற்று என்பது பக்கத்தில் நின்று எண்ணியவருக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே ஊர்க்கூட்டத்தை மட்டும் நம்பாமல், வெளித்தணிக்கைக்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு லாரி வரும்போதும் ஊர் தேர்ந்தெடுத்த இருவர் அளவைச் சரிபார்த்துச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். அந்த எண்ணிக்கை அன்றே அறிவிப்புப் பலகையில் ஏறவேண்டும். தணிக்கையாளர் தம் அறிக்கையை ஊர் நடுவே வாசித்துவிட்டுப் போகவேண்டும்.

கட்டுமானம் நன்றாக முடிந்தது என்பதனால் ஊரின் ஆட்சிமுறை மாறிவிட்டது என்று கொள்ளலாகாது. சியரா லியோனில் 2005 முதல் 2009 வரை நடந்த கோபிஃபோ திட்டம் கிராமங்களுக்கு நிதியும் கூட்டம் நடத்தும் பயிற்சியும் அளித்தது, பொதுவசதிகள் மேம்பட்டன. எனினும் திட்டத்துக்கு வெளியே ஊர் முடிவெடுக்கும் முறையிலோ, அதில் பெண்களும் இளைஞர்களும் பெற்ற இடத்திலோ நிலையான மாற்றத்தை ஆய்வாளர்களால் காண முடியவில்லை. இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்குள் அதிகார உறவுகள் திருந்திவிடும் என்று அறிக்கையில் வாக்களிக்க வேண்டாம். மன்றத்தின் வழக்கமான வரவுசெலவுத் திட்டத்தையும் அதே திறந்த கூட்டத்தில் விவாதிக்கும்படி முதல் ஆண்டிலேயே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சில நிபந்தனைகளைக் கேட்டுப் பெறுங்கள். தவணைகள் கொடை நாட்டின் நிதியாண்டை ஒட்டி வராமல் மன்றத்தின் நிதியாண்டை ஒட்டி வரவேண்டும். நாணய மாற்று மதிப்பு சரிந்தால் அந்த இழப்பை யார் ஏற்பது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அது ஊரார் மீதே விழும். ஊர் தன் முன்னுரிமையை மாற்றிக்கொள்ளவும் இடம் வேண்டும்.

நிதி திடீரென நின்றுபோகும் நிலையையும் கருதுங்கள். 2025இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டு கலைக்கப்பட்டபோது பல நாடுகளில் பணிகள் பாதியிலேயே நின்றன. எனவே ஒவ்வொரு தவணையும் அதனளவில் பயன்தரும் ஒரு பகுதியை முடிக்கும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பராமரிப்புச் செலவில் மன்றத்தின் பங்கை முதல் ஆண்டிலேயே அதன் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்து, கொடையாளர் பங்கு குறையக் குறைய அது உயரும்படி ஆண்டுவாரியான அட்டவணையை ஒப்பந்தத்துடன் இணைத்துவிடுங்கள்.