டொர்னேடோ வார்னிங் வந்தால் குடும்பத்தோடு எங்கே, எப்படிப் பதுங்குவது

அமெரிக்காவில் போன் அலறி ‘டொர்னேடோ (சுழல்காற்று) வார்னிங்’ என்று காட்டும்போது கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். பத்து நிமிடம் கிடைத்தால் நல்ல நேரம். எந்த அறைக்குப் போவது, சின்னவனை யார் தூக்குவது, ஷூ எங்கே என்றெல்லாம் அப்போது பேசிக்கொண்டிருக்க முடியாது. வெயில் அடிக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் முடிவு செய்து வையுங்கள்.

முதலில் வாட்சுக்கும் வார்னிங்குக்கும் உள்ள வித்தியாசம். டொர்னேடோ உருவாகக்கூடிய வானிலை இருக்கிறது என்பது ‘வாட்ச்’. போனை சார்ஜ் போட்டு, எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டிய நேரம் அது. ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்பது ‘வார்னிங்’. உடனே பதுங்க வேண்டும். ஜன்னலில் எட்டிப் பார்த்து உறுதி செய்ய நிற்காதீர்கள். மழைத்திரைக்குள் மறைந்து வரும் டொர்னேடோவை, அதுவும் இரவில், பார்க்கவே முடியாது.

ஊர் சைரனை நம்பித் தூங்கக் கூடாது. அது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் படுக்கையறையில் கேட்காமலே போகலாம். போன் அமைப்புகளில் அவசர எச்சரிக்கைகள் ஆனில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவாவின் (NOAA) எச்சரிக்கைகளைச் சொல்லும், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றும் வேண்டும். அதில் உங்கள் கவுன்டியின் (மாவட்டம் போன்றது) ஆறு இலக்கக் குறியீட்டைப் பதிந்துவிட்டால் அடுத்த கவுன்டிக்கான எச்சரிக்கைகளுக்கெல்லாம் எழுப்பாது. அடிக்கடி வீணாக எழுப்பும் ரேடியோவை ஒருநாள் யாராவது அணைத்துவிடுவார்கள், அதனால்தான் சொல்கிறோம்.

<b>எந்த இடம்</b>

பேஸ்மென்ட் இருந்தால் அங்கேதான். கனமான மேசைக்கு அடியில் உட்காருங்கள். மேல்தளத்தில் ஃப்ரிட்ஜோ பியானோவோ நிற்கும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம். தளம் உடைந்தால் அவைதான் முதலில் விழும். தென்மேற்கு மூலைதான் பத்திரம் என்பது பழைய நம்பிக்கை, உண்மையில்லை.

பேஸ்மென்ட் இல்லையென்றால் கீழ்த்தளத்தின் நடுவில், ஜன்னல் இல்லாத சின்ன அறை: குளியலறை, க்ளோசெட், மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம். உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள்; அதிகம் இருக்கும் அறையே உங்கள் அறை. கராஜ் கூடவே கூடாது. அதன் அகலமான கதவு எளிதில் வளைந்து போகும். உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கும். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறப்பதும் இதே தவறுதான்.

அபார்ட்மென்டில் மேல்மாடி என்றால் கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். மொபைல் ஹோமில், அதாவது வேறிடத்தில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் இலகுவான வீட்டில், எந்த அறையும் பத்திரமில்லை. தரையோடு கட்டியிருந்தாலும் புரண்டுவிடும். அங்கே இருப்பவர்கள் வார்னிங் வரும்வரை காத்திருக்காமல், வாட்ச் வந்ததுமே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

<b>தலையும் காலும்</b>

உயிரை எடுப்பது பெரும்பாலும் பறந்து வரும், இடிந்து விழும் பொருள்கள். அதனால் தலைக்கு ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட்டே போதும், ஆனால் தாடைப் பட்டையை இறுக்கிப் போட வேண்டும். ஆளுக்கு ஒன்று, அந்த அறையிலேயே தொங்கட்டும். ஷூவும் அப்படியே: வெளியே வரும்போது தரையெல்லாம் கண்ணாடியும் ஆணியுமாகக் கிடக்கும், வெறுங்காலில் ஓரடி வைக்க முடியாது.

முட்டி போட்டுக் குனிந்து, முகத்தைத் தரைப் பக்கம் தாழ்த்தி, இரு கைகளாலும் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைக் கார் சீட்டில் பெல்ட் போட்டு, உங்கள் உடலுக்கும் சுவருக்கும் நடுவே வையுங்கள். எல்லோர் மேலும் கனமான கம்பளியோ மெத்தையோ. மெத்தையை எடுக்க மாடிக்கு ஓடாதீர்கள்; வாட்ச் நேரத்திலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

அறையில் டார்ச், விசில், தண்ணீர், தினமும் சாப்பிடும் மருந்து, பவர் பேங்க் இருக்கட்டும். இடிபாட்டில் சிக்கினால் கத்திக் கத்திக் களைக்காமல் விசில் ஊதலாம், குழாயைத் தட்டலாம்.

ஒருமுறை இரவில் விளக்கை அணைத்து, போனில் நேரம் வைத்து ஒத்திகை பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் எதற்காகத் தாண்டியது என்று பாருங்கள். பூனையைத் தேடியதற்காக இருக்கலாம். அப்படியானால் வாட்ச் வந்ததுமே அதைக் கூண்டில் விட்டுவிடுங்கள்.

<b>காரில் மாட்டிக்கொண்டால்</b>

பக்கத்தில் உறுதியான கட்டடம் இருந்தால் அதற்குள் ஓடுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள். அந்த இடுக்கில் காற்றின் வேகம் கூடும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் இறந்தார்கள். வேறு வழியே இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றாமல் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து தலையை மூடிக்கொள்ளுங்கள், அல்லது சாலையை விடத் தெளிவாகத் தாழ்ந்த பள்ளத்தில் குப்புறப் படுங்கள்.

<b>வெளியே வரும்போது</b>

சைரன் நின்றது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமில்லை. வார்னிங் முடிந்துவிட்டது என்று ரேடியோவோ போனோ சொல்லும்வரை உள்ளேயே இருங்கள். பின்னாலேயே இன்னொரு புயல் வரலாம். வெளியே வந்ததும் கேஸ் வாடை அடித்தால் ஸ்விட்ச், லைட்டர் எதையும் தொடாமல் வெளியேறித் தள்ளிப் போய் 911-ஐ அழையுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஊரில் இருப்பவர்களுக்கு அழைப்பதைவிட ஒரு வரி மெசேஜ் அனுப்புங்கள். லைன் நெரிசலில் அழைப்பு போகாதபோதும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.