பழைய பைபர் படகை விலை பேசுவதற்கு முன்

கடலூர், புதுச்சேரிக் கரையில் பழைய பைபர் படகு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அடுத்து படகு எந்த ஆண்டில் கட்டியது என்று கேட்கிறார்கள். படகின் உடலைச் சுற்றி வந்து பார்ப்பது கடைசியில்தான் நடக்கிறது, அதுவும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சின் பழுதானால் கழற்றிப் பழுதுபார்க்கலாம், முடியாவிட்டால் வேறொன்றை மாட்டலாம். உடலின் உள்ளே கண்ணாடி இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோன படகை அப்படி மாற்ற முடியாது. வயதை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. போதிய கனத்தில், ஈரமில்லாத நாளில், ரெசின் என்ற பிசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை அளவாகக் கலந்து வார்த்த படகு இருபது ஆண்டு கழித்தும் அலையைத் தாங்கும். அவசரத்தில் வார்த்தது சில ஆண்டுகளிலேயே நெளியத் தொடங்கும். படகு இதுவரை எங்கெங்கே அடிபட்டது, அடிபட்ட இடத்தை ஒட்டியவர் எப்படி ஒட்டினார் என்ற இரண்டையும் கண்டுபிடிப்பதுதான் வாங்குபவரின் முதல் வேலை.

இந்தக் கரையில் அதைக் கண்டுபிடிக்கச் சில தேதிகள் உதவும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மிகக் குறுகிய காலத்தில் பெரும் எண்ணிக்கையில் பைபர் படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் நல்லவையும் உண்டு, அடிப்பகுதி மெலிந்தவையும் உண்டு. அதன்பின் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2020 நவம்பரில் நிவர் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தது. இந்த ஒவ்வொரு புயலின்போதும் படகு எங்கே கட்டியிருந்தது, ஆற்றிலா, மணலிலா, வேறு படகோடு மோதியதா, நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தார்களா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பொதுவாக “அடிபட்டதுண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதிலே வரும், புயலின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அன்று நடந்தது நினைவுக்கு வந்து, விற்பவரோ பக்கத்தில் நிற்பவரோ ஏதாவது ஒன்றைச் சொல்லுவார்கள்.

பார்க்கப் போகும் நாளையும் நேரத்தையும் நீங்களே தீர்மானியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த படகில் ஈரம் எது, கசிவு எது என்று பிரித்தறிவது கடினம்; தை பிறந்து நான்கு நாள் வெயில் காய்ந்த பிறகு பார்ப்பது நல்லது. வலை, ஐஸ் பெட்டி, எஞ்சின், கயிறு எல்லாவற்றையும் இறக்கி, படகைக் கழுவி வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதற்கு விற்பவர் மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. நேரம், காலையில் சூரியன் கடல்மட்டத்திலிருந்து சற்றே எழுந்திருக்கும் வேளையாக இருக்கட்டும். அப்போது வெளிச்சம் படகின் பக்கவாட்டில் சாய்வாக விழும். முன்முனையான அணியத்தின் அருகில் குனிந்து, கண்ணை விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து, பின்பக்கம் நோக்கிப் பார்த்தால், உச்சி வெயிலில் வழவழப்பாகத் தெரிந்த பக்கத்தில் மேடும் பள்ளமும் நிழலோடு தெரியும். உள்ளே வங்கு, அதாவது உடலைத் தாங்கும் விலாச்சட்டம், இருக்கும் இடத்தில் மெல்லிய கோடாக மேடு தெரிவது பல படகுகளில் இயல்பு. ஆனால் இரண்டு வங்குகளுக்கு நடுவில் கையகலத்துக்குச் சதுரமாகவோ வட்டமாகவோ ஒரு மேடு தெரிந்தால், அது பழைய ஒட்டு. அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பது போலத்தான் இதுவும். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியோ சிறிய மரச் சுத்தியலோ போதும்; இரும்புச் சுத்தியல் வேண்டாம், அது மேல்பூச்சான ஜெல்கோட்டை விரிசல் விடச் செய்யும். முதலில் விளிம்பை ஒட்டிய, அடிபட வாய்ப்பில்லாத இடத்தில் தட்டி, அந்தப் படகின் நல்ல ஒலியைக் காதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக அடிப்பகுதி வரை தட்டிக்கொண்டே வர வேண்டும். ஒட்டியிருக்கும் அடுக்கு கணீரென்று திருப்பிச் சொல்லும். விட்டுப்போன அடுக்கு தொப்பென்று அடங்கும். மேட், ரோவிங் என்ற இரு வகைக் கண்ணாடி இழை விரிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ரெசினில் ஊறி ஒரே உடலாக இருந்தால்தான் பைபருக்குப் பலம். அடுக்குகள் பிரிந்துவிட்டால், கனம் அதேதான் என்றாலும் வளைவைத் தாங்கும் வலு பெருமளவு குறைந்துவிடுகிறது. ஆகவே குறித்து வைத்த மேடுகளில் ஒலி அடங்கினால், அந்த ஒட்டு மேலே பூசியது மட்டுமே, உடலோடு சேரவில்லை என்று கொள்ளலாம்.

ஒட்டு இருப்பதே குற்றமில்லை. சரியாக ஒட்டிய இடம் பழைய உடலைவிட மோசமாக இருக்காது. சரியான ஒட்டு என்றால், உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு என்பது நல்ல கணக்கு. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள அடிப்பகுதியில் ஒரு ஓட்டையை அடைக்க, சுற்றிலும் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் தேய்த்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ஓட்டையின் மேல் இரண்டு மேட் விரிப்பை வைத்து ரெசினைத் தடவிப் பெயிண்ட் அடித்தால் அது சில காலம் தண்ணீரை நிறுத்துமே தவிர, அலையில் படகு வளையும்போது ஓரம் பிரியத் தொடங்கும். உள்பக்கத்தில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: ஒட்டின் ஓரம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் தடித்து நின்றாலோ, ஓரத்தில் மீன்கழிவும் எண்ணெயும் கறுத்து உட்கார்ந்திருந்தாலோ, தேய்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரத்தின்மேல் ஒட்டியதும் இதே கதிதான். மேற்பரப்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி பிசுபிசுவென்று ஒட்டினால் ரெசின் முழுதாகக் காயவில்லை. பெயிண்டும் அசிட்டோனில் கரையும் என்பதால் பெயிண்ட் இல்லாத உள்பக்கத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

விரிசல்களைப் பார்த்தவுடன் பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். அவை ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பிரிந்து ஓடுபவை எதன்மீதோ மோதிய அடையாளம். வங்கின் ஓரத்திலும் மூலைகளிலும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுபவை, அந்த இடத்தில் உடல் ஒவ்வொரு அலைக்கும் வளைந்து நிமிர்கிறது என்பதைக் காட்டும். முன்னது பல சமயம் ஜெல்கோட்டோடு முடிந்துவிடும். பின்னதைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். ஏனெனில் அங்கே மேலே பூசிப் பயனில்லை, உள்ளே வங்கைச் சேர்த்துக் கட்டிப் பலப்படுத்த வேண்டும். வங்குகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். உடலோடு சேரும் ஓரத்தில் பிளவு திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும்.

நம் கரையில் படகுகள் தேயும் இடம் ஏரா, அதாவது அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் தண்டு. தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற இடங்களில் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கும், துறைமுக முகத்துவாரத்தில் மிதந்தே கிடக்கும் படகுக்கும் நோய் வேறு. மணலில் இழுபடும் படகில் ஏராவின் நடுவிலும் பின்முனையிலும் ஜெல்கோட் போய், அடுக்குகள் தேய்ந்து, இழை வெள்ளை மயிராகத் துருத்தி நிற்கும். அந்த இழை வழியே தண்ணீர் உள்ளே ஏறும். தண்ணீரிலேயே கிடக்கும் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே சிறு கொப்புளங்கள் வரலாம். ஒன்றைக் குத்தினால் காடி வாசனையோடு திரவம் வரும். ஜெல்கோட்டைக் கடந்து ஊடுருவிய நீர் ரெசினிலிருந்து கரைத்துக்கொண்ட பொருள்களோடு தேங்கியிருப்பதே அது. கொப்புளம் சிலவே இருந்தால் காயவைத்துத் தேய்த்து அடைக்கலாம். ஏரா தேய்வதை அப்படி எளிதாக எண்ணக் கூடாது. படகின் முதுகெலும்பே அதுதான். ஆள் சேர்த்துப் படகை ஒருக்களித்துச் சாய்த்து, ஏராவை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். பிறகு நிமிர்த்தி வைத்து, உள்ளே நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து வெளியே எங்கே மணல் நனைகிறது என்று பாருங்கள். கடலில் எங்கிருந்து தண்ணீர் வருகிறதென்று தேடுவதைவிட இது சுலபம். தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பைக் கழற்றினால் அங்கே அடிப்பகுதியின் கனமும் தெரியும். அடுக்குகள் நெருங்கி நிற்கின்றனவா, இடையில் காற்றுக் குமிழ் உண்டா என்பதையும் அந்தத் துளையின் சுவரிலேயே பார்த்துவிடலாம்.

எஞ்சின் மாட்டும் பின்பலகைதான் அதிகம் ஏமாற்றும் இடம். வெளியே பைபர், உள்ளே மரமோ பிளைவுட்டோ வைத்து வார்த்திருப்பார்கள். போல்ட் போட்ட துளையைச் சரியாக அடைக்காவிட்டால், அந்த வழியே உப்புநீர் இறங்கி உள்ளே இருக்கும் மரம் ஊறி, நாளடைவில் இற்றுப்போகும். வெளியே பைபர் தோல் மட்டும் அழகாக நிற்கும். கீழ்ப்பக்க போல்ட் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தால், அல்லது ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டும்போது மரத்தூளுக்குப் பதிலாகக் கறுத்த சேறு ஒட்டி வந்தால், பலகை போய்விட்டது. எஞ்சினை மாட்டிய நிலையில் அதன் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தாலும் பலகை வளைவது தெரியும். பலகையை வெட்டி எடுத்து மாற்றுவது பெரிய வேலை; அதன் செலவை விலையிலிருந்து கழிக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மிதவைப் பெட்டியை யாரும் கேட்பதில்லை, எனக்கு அது வருத்தம். படகு கவிழ்ந்தாலோ நிரம்பினாலோ பிடித்துக்கொண்டு மிதக்க இருப்பது அந்தப் பெட்டிக்குள் அடைத்த நுரை மட்டுமே. ஒரு கன மீட்டர் நுரை சுமார் முப்பது நாற்பது கிலோதான். அது இடம்பிடிக்கும் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல். அந்த வித்தியாசம்தான் ஆளைக் காப்பாற்றுகிறது. பெட்டியில் விரிசல் விட்டு நுரை நீர் குடித்துவிட்டால் மிதக்கும் ஆற்றல் குறைவதோடு படகும் கனத்துப்போகும். பத்துப் பேர் தள்ள வேண்டியிருந்த படகுக்குப் பதினைந்து பேர் தேவைப்படுகிறது என்று ஊரில் சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால், விற்பவரின் சம்மதத்தோடு பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் சிறு துளை போட்டுப் பார்த்து, பிறகு முறையாக அடைத்துவிடலாம். சில படகுகளில் தெர்மாகோல் அடைத்திருப்பார்கள். பாலியெஸ்டர் ரெசின் நேரடியாகப் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட பெட்டிக்குள் வெற்றிடம் இருக்கக்கூடும்.

எஞ்சினைப் பொறுத்தவரை நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வதே போதும். வெளியே மாட்டும் எஞ்சினில் கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது என்பதையும், குளிர்விக்கும் நீர் சீராக வெளியே பீய்ச்ச வேண்டும் என்பதையும், காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வரலாம்.

ஓட்டிப் பார்ப்பதை ஆற்றுக்குள் முடித்துக்கொள்ள வேண்டாம். முகத்துவாரத்தைத் தாண்டி, படகு ஏறி இறங்கும் அளவுக்கு அலை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அனைவரும் உயிர்காப்பு மிதவை அணிந்திருக்கட்டும். ஒருவர் நடுவில் அமர்ந்து அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அணியம் அலையில் விழும் ஒவ்வொரு முறையும் அடித்தட்டு கைக்குள் துள்ளுகிறதா என்பது தெரியும். இலேசான அதிர்வு இருக்கும். தட்டு உள்ளே வந்து வெளியே போவது போலிருந்தால் கனம் போதாது.

இனி காகிதங்கள். மீன்வளத்துறைப் பதிவுச் சான்றில் உள்ள பெயர் விற்பவருடையதா, படகில் எழுதிய எண்ணும் சான்றின் எண்ணும் ஒன்றா, எஞ்சின் எண் ரசீதோடு பொருந்துகிறதா, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் நிற்கிறதா, மானியத்தில் வாங்கிய படகானால் விற்க நிபந்தனை உண்டா என்பவற்றை எழுத்தில் பார்க்க வேண்டும். தாழங்குடாவும் மூர்த்திக்குப்பமும் அருகருகே உள்ள ஊர்கள்தான், ஆனால் ஒன்று தமிழ்நாடு, மற்றது புதுச்சேரி. எல்லை தாண்டி வாங்கும் படகின் பதிவை மாற்றுவதற்கு என்ன தேவை என்று இரு பக்கத்து மீன்வளத்துறை அலுவலகத்திலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டறியுங்கள். மானிய எரிபொருளும் புயல் நிவாரணமும் அந்தப் பதிவை நம்பியே இருக்கின்றன. முன்பணத்தை ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில், கண்ட பழுதுகளையும் பேசிய விலையையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். மீதியைப் பதிவு உங்கள் பெயருக்கு மாறிய பிறகு கொடுப்பதாக அதே தாளில் எழுதிவிடுங்கள்.