டப்ளினிலிருந்து ஊர் சுற்றப் போகிறவர்கள், வடக்கே டிக்கெட் போடும் முன்

அயர்லாந்தில் வேலைக்கு வந்தால் முதலில் வேண்டியவை: இங்கே தங்க அனுமதி தரும் ஐஆர்பி கார்டு, வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் பிபிஎஸ் எண், வங்கிக் கணக்கு, பஸ்ஸுக்கும் டார்ட் ரயிலுக்கும் லீப் கார்டு. இதெல்லாம் அலுவலகத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஐஆர்பி கார்டு வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரில் செல்லாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தீவு ஒன்று, நாடு இரண்டு. பெல்ஃபாஸ்ட், ஜயண்ட்ஸ் காஸ்வே கடலோரப் பாறைகள், டைட்டானிக் அருங்காட்சியகம், டெர்ரி நகரம் எல்லாமே பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில் இருக்கின்றன. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு அங்கே போக பிரிட்டிஷ் விசா வேண்டும். ஆனால் எல்லையில் சோதனைச்சாவடி கிடையாது. வாளையாறு தாண்டுவதை விடச் சுலபம். வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அவ்வளவுதான். ரயில் டிக்கெட் விற்பவரும் எதுவும் கேட்கமாட்டார்.

"செக் பண்ணவே மாட்டாங்க, நாங்க போயிட்டு வந்தோமே" என்று புதிதாக வந்தவர்களுக்குத் தைரியம் சொல்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அதை நம்பி என் நண்பர் ஒரு நாள் டூர் பஸ்ஸில் ஏறினார். வழியில் அதிகாரிகள் ஏறி பாஸ்போர்ட் கேட்டார்கள். இறக்கி, விசாரித்து, திருப்பி அனுப்பினார்கள். விசா பயணியின் பொறுப்பு என்று டூர்காரர்கள் பொடி எழுத்தில் முன்பே போட்டிருந்தார்கள், பணமும் திரும்பவில்லை. பிறகு லண்டனில் அத்தை மகள் கல்யாணத்துக்கு விசா விண்ணப்பித்தபோது நடந்ததை மறைக்காமல் எழுதினார். மறுத்துவிட்டார்கள். தாலி கட்டுவதை வீடியோ காலில் பார்த்தார், பாவம்.

வடமேற்கு மூலையில் இருக்கும் டோனகல் மாவட்டம் அயர்லாந்துக் குடியரசுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் டப்ளினிலிருந்து அங்குள்ள லெட்டர்கென்னி ஊருக்குப் போகும் பஸ் ஓமா வழியாக, வட அயர்லாந்துக்குள் புகுந்துதான் போகும். காரில் ஸ்லைகோ வழியாகச் சுற்றிப் போங்கள். ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் கடலிலிருந்து எழும் ஸ்லீவ் லீக் மலைமுகடு டோனகலில்தான் இருக்கிறது. எல்லோரும் ஓடும் மோஹர் பாறைகள் 214 மீட்டர்தான்.

விசா இல்லாமலே பார்க்க இந்தப் பக்கம் எவ்வளவோ இருக்கிறது. பிரமிடுகளுக்கும் முந்தைய நியூகிரேஞ்ச் கல்லறை, ஹோத் கடலோர மலைப்பாதை, மான்கள் மேயும் ஃபீனிக்ஸ் பூங்கா. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 எழுச்சியின் தலைவர்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்ற கில்மைன்ஹாம் சிறைக்கு முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. கிளெண்டலாக் ஏரிக்கரைக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். அந்த மலைக்காற்றில் அதைச் சாப்பிட்டால் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். இந்தியாவில் வாங்கும் அயர்லாந்து குறுகிய கால விசாவில் 'பிஐவிஎஸ்' (பிரிட்டிஷ்-அயர்லாந்து விசாத் திட்டம்) என்று குறித்திருந்தால், முதலில் டப்ளினில் இறங்கிவிட்டு அவர்கள் பெல்ஃபாஸ்ட் போகலாம். இங்கேயே வேலை பார்க்கும் உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்களோடு நீங்களும் போவதானால், டூருக்குப் பணம் கட்டும் முன்பே பிரிட்டிஷ் விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.