குவாந்தான் போர்க்கப்பல் டைவ்: கீழ போறத மட்டும் பிளான் பண்ணாதீங்க

கேஎல்ல டெக் டைவிங் (சாதா ஸ்கூபா எல்லைய தாண்டி ரொம்ப ஆழம் போற டைவிங்) பண்ற நம்ம பசங்க நிறைய பேருக்கு குவாந்தான் கடல்ல கெடக்குற பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல பாத்துடணும்னு ஆசை. 1941 டிசம்பர் 10ல ஜப்பான் விமானங்க அதையும் கூட வந்த ரிபல்ஸ் கப்பலையும் சேத்து மூழ்கடிச்சுச்சு, ரெண்டுலயும் சேத்து 840 பேர் செத்தாங்க. இப்ப அது ஏறக்குறைய 68 மீட்டர்ல தலகீழா கெடக்கு.

சாதா காத்துலயே போயிடலாம்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. அங்க அழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறத மாதிரி 7.8 மடங்கு, ஆக்ஸிஜனோட அழுத்தம் 1.6 பார்ங்கிற (பார்னா அழுத்தத்தோட அளவு) பாதுகாப்பு எல்லைய தாண்டிடும், நைட்ரஜன் போதை ஏறும், காத்து அடர்த்தியாகி மூச்சு சரியா வெளிய போகாம கார்பன் டை ஆக்ஸைடு உள்ளயே தேங்கும். 18 சதவீதம் ஆக்ஸிஜன், 45 சதவீதம் ஹீலியம், மிச்சம் நைட்ரஜன் கலந்த டிரைமிக்ஸ் கேஸ பாட்டில்ல அடிச்சா ஆக்ஸிஜன் 1.4 பார்ல நிக்கும். ஹீலியம் வெல ஜாஸ்திதான், அதுக்காக கொறைக்காதீங்க, காசு இல்லன்னா டிரிப்ப தள்ளிப் போடுங்க.

கப்பல் மேல மீன் வல மாட்டிக் கெடக்கும், வல அறுக்குற கட்டர் ரெண்டு வேணும், ரெண்டு கையும் எட்டுற எடத்துல. உள்ள நுழையுறத விட்ருங்க, திருட்டுத்தனமா இரும்பு எடுத்தவங்க பிச்சுப் போட்டதுல எந்த தகடு எப்ப விழும்னு தெரியாது. வெடிகுண்டு எதையும் தொடக்கூடாது, ஒரு ஆணி கூட எடுக்கக்கூடாது, அது செத்தவங்களோட கல்லறை.

என்ன ரொம்ப பயமுறுத்துறது மேல வர்ற நேரந்தான். ஒடம்புல சேந்த கேஸ வெளியேத்த வழியில பாட்டில் மாத்தணும்: 50 சதவீத ஆக்ஸிஜன் கேஸ் 21 மீட்டர்ல, சுத்த ஆக்ஸிஜன் 6 மீட்டர்ல. அவசரத்துல 21லயே ஆக்ஸிஜன் பாட்டில வாயில வச்சா 3.1 பார், வலிப்பு வரும், வாயில இருக்குற ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி) நழுவும், அவ்வளவுதான். பாட்டில்ல ஆழத்த பெருசா எழுதுங்க, வாயில வைக்கப் போற ஹோஸ அது வர்ற பாட்டில் வரைக்கும் தடவிப் பாருங்க, கூட வர்றவர் பாத்து தலையாட்டுன பொறவு மூச்சு இழுங்க.

அப்புறம் வீட்டுக்கு வர்ற வழி, இத யாரும் யோசிக்கிறதே இல்ல. குவாந்தான்ல கரையேறி அன்னிக்கே காராக் ஹைவேல வந்தா கெந்திங் செம்பா பக்கம் ரோடு 600 மீட்டர் கிட்ட ஏறும், அப்படியே கெந்திங் மேல போனா 1,700 மீட்டருக்கு மேல, கிட்டத்தட்ட பிளைட்ல ஏறுன மாதிரி. ஒடம்புல நைட்ரஜனும் ஹீலியமும் இன்னும் இருக்கும், ஒசரத்துல காத்தழுத்தம் கொறஞ்சா அது குமிழியாகிடும். ஒரு முழு நாளாச்சும் குவாந்தான்லயே தங்குங்க, தோள் வலியோ மரத்துப் போறதோ வந்தா பனடோல் போட்டு படுக்காம ஒடனே ஆக்ஸிஜன் குடுத்து டைவிங் டாக்டருக்கு போன் போடுங்க.