வாக்கி டாக்கி: அழுத்தியதும் பேசிவிடாதீர்கள்

சிங்கப்பூர்த் தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நிற்கும் தொண்டூழியர்களுக்கு இது உதவும். ஒருமுறை நான் "நிறுத்துங்க, காவடி வருது" என்றேன். மறுமுனையில் கேட்டது "காவடி வருது" மட்டும்தான்! முக்கியமான சொல்லே போய்விட்டது.

வாக்கி டாக்கியால் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. பொத்தானை அழுத்தியதும் கேட்பதை நிறுத்திவிட்டு அனுப்பும் வேலைக்கு மாறும். நடுவில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவி) இருந்தால் அதுவும் விழித்துக்கொள்ள வேண்டும். இதற்குள் நம் முதல் சொல் விழுங்கப்படும். அதனால் அழுத்துங்கள், மனதுக்குள் 'ஒன்று' எண்ணுங்கள், பிறகு பேசுங்கள். முடித்த பிறகும் ஒரு கணம் கழித்தே விரலை எடுங்கள்.

உருமி மேளம் பக்கத்தில் முழங்கினாலும் கத்த வேண்டாம், குரல் உடைந்துதான் கேட்கும். மைக்கை வாயிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பிடித்தால் போதும்.

வாக்கி டாக்கி போல இயங்கும் கைப்பேசிச் செயலி என்றால் அதன் சர்வர் ஒரு நேரத்தில் ஒருவருக்கே வழிவிடும். 'பீப்' கேட்டபின் பேசுங்கள். கூட்டத்தில் டேட்டா திணறும் என்பதால் நான் வாக்கி டாக்கியையே நம்புவேன்.

அப்புறம், சேனல் திடீரென்று அமைதியாகிவிட்டால் முதலில் உங்கள் இடுப்பில் இருக்கும் கருவியைப் பாருங்கள். பொத்தான் அமுங்கிக் கிடந்தால் மற்ற எவராலும் பேச முடியாது.